குளிர் ஏறிய பாட்டரி

ஃபிடென்சியோ மண்டை பிளந்து வீடு வந்து சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி. நெற்றியில் புறப்பட்ட ரத்தம் மூக்கோரமாக இறங்கி மீசையில் உறைந்து நின்றது. கதவைக் காலால் உதைத்துத் திறந்தான்; இரண்டு கையும் காலியில்லை. மின்சார சைக்கிளின் பாட்டரியைப் பெற்ற பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தான்.

ஒட்டிலியா தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை வேகவைக்கிற அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ரயிலடி வாசலில் பனியில் நின்று நூற்றிருபது தமாலே விற்றுவிட்டு வந்த கை. விரல்களுக்கு இன்னும் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தவள் நாரைக் கீழே வைக்காமலேயே கேட்டாள்.

"என்னய்யா, இருக்கியா, செத்துட்டியா?"

"இருக்கேன். அவனுக்குத்தான் ஒரு காது இல்ல."

"எவனுக்கு?"

"வில்லிஸ் பாலத்து இறக்கத்துல மூணு பேரு. ஒருத்தன் கையில இரும்புக் குழாய். மொத அடி தலையில. ரெண்டாவது அடிக்குப் பாட்டரியக் கழட்டி நீட்டிட்டேன். டங்குனு விழுந்துச்சு பாரு, பாலமே அதிர்ந்துச்சு. இன்னொருத்தன் அதை எட்டி ஒதைச்சான். அது ரோட்டுல உருண்டு போயி சுவத்துல முட்டி நின்னுச்சு. நான் அவன் மேல விழுந்து காதைக் கடிச்சேன். கம்பளித் தொப்பியோட சேத்துக் கடிச்சிட்டேன். அப்பலேர்ந்து வாயில நூலா வருது."

"சைக்கிள்?"

"கீழ பூட்டியிருக்கேன்."

"ஆர்டர் சாப்பாடு?"

"அதையும் கொண்டுபோய்க் குடுத்துட்டேன். சூப்பு கொஞ்சம் சிந்தியிருந்துச்சு. ஆர்டர் போட்ட அம்மா என் மூஞ்சியப் பாத்துச்சு, பையப் பாத்துச்சு, போன்ல அஞ்சுக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டுச்சு."

அவனை நாற்காலியில் உட்காரவைத்து உப்புப் போட்ட வெந்நீரால் கழுவினாள். இரண்டு அங்குலத்துக்குப் பிளவு. ஆஸ்பத்திரி என்று அவள் வாயெடுப்பதற்குள் அவன் வேண்டாமென்று தலையாட்டப்போய், ஆட்டியதில் மறுபடி ரத்தம் கொப்பளித்தது. காயத்தின் இரண்டு கரையையும் சேர்த்துப் பிடித்து, பெட்டி ஒட்டுகிற நாடாவை இறுக்கி ஒட்டினாள். அவன் கத்தவில்லை. அவன் கண் முழுக்க மேஜையில் கிடந்த பாட்டரி மேலேயே இருந்தது.

அவளும் அதைத்தான் பார்த்தாள். ஒரு மூலை உள்ளே அமுங்கியிருந்தது. அமுங்கின இடத்திலிருந்து மயிரிழை மாதிரி ஒரு கீறல் மேலே ஓடியது. கறுப்பு உறை மேல் பனித்தூள் பொடிந்து நின்றது.

"அதைத் தூக்கி வெளிய வையி," என்றாள்.

"எதை?"

"அதைத்தான். அடிபட்டது வீட்டுக்குள்ள வேணாம். கொல்லைப் பக்கம் பனியில கொண்டுபோய்ப் போடு."

"நான் ரத்தம் சிந்தின பாட்டரிடி அது!"

"அதுவும் அடிபட்டுத்தான் கெடக்கு. ஒனக்காவது நாடா ஒட்டினேன்."

உள்ளறையில் மகள் நயேலி இருமினாள். எட்டு வயது. மூன்று நாளாகக் காய்ச்சல், பள்ளிக்கூடம் இல்லை. அந்த அறைக்குத் தனியாக வாசல் கிடையாது. சமையலறை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சமையலறைக்கு இருப்பதோ ஒரே கதவு. அந்தக் கதவை ஒட்டித்தான் பாட்டரிப் பலகை; ஊர்க்காரப் பையன்களும் வந்து சார்ஜ் போடுகிற இடம். மூன்று அடுக்கு, ஆறு பாட்டரி, ஒரு பிளக்கிலிருந்து கிளை பிரிந்து தொங்கும் பதினோரு ஒயர். இரண்டு மாதமாக ஒட்டிலியாவின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது இந்தப் பலகைதான். ஒன்று பற்றிக்கொண்டால் மகள் எந்த வழியாக வருவாள்? படுத்தால் இதே நினைப்பு, எழுந்தால் இதே நினைப்பு.

பலகையை அங்கே நிறுவியவர் இன்ஜினியர் ஹெர்குலானோ.

கெர்ரேரோ மலைப்பக்கம் அவர் ஊரில் இருந்தவரை இரண்டு ரேடியோவைப் பிரித்திருக்கிறார்; ஒன்றைத் திரும்ப மாட்டியும் இருக்கிறார். நாடு தாண்டி இந்தப் பனி ஊரான ப்ராங்க்ஸில் வந்து இறங்கியதும் இன்ஜினியர் ஆகிவிட்டார். போன வருஷம் ஏதோ ஒரு சங்கம் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பாட்டரிப் பாதுகாப்புப் பயிற்சி நடத்தியது. அதில் ஒரு மணி நேரம் அவர் சாப்பாட்டு வரிசையில் நின்றார். மிச்ச நேரத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்றும் மஞ்சள் மேல்சட்டை ஒன்றும் பெற்றுக்கொண்டார். மறுநாளே பாட்டரிப் பாதுகாப்புக் கமிட்டி பிறந்தது. தலைவர் அவரே. செயலாளரும் அவரே. கூட்டம் கூட்டுவது, கூட்டத்துக்கு நன்றி சொல்வது, இரண்டும் அவரே. இத்தனை பொறுப்புகளுக்கு நடுவிலும் செத்துப்போன பாட்டரிகளைப் பிளந்து, உயிரோடிருக்கும் செல்களைப் பொறுக்கி, ஒட்டவைத்துப் புதுப் பாட்டரி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

பயிற்சியில் கொடுத்த பத்து விதிகளைப் பெரிதாக எழுதி இந்த வீட்டில்தான் ஒட்டியிருந்தார். முதல் விதி: வாசல் பக்கத்தில் சார்ஜ் போடாதே. சுவரில் காலி இடம் பலகைக்கு மேலேதான் இருந்ததால் அங்கேயே ஒட்டிவிட்டார். சொருக வருகிறவன் சொருகிக்கொண்டே படிக்கலாம்.

ஒட்டிலியா அவரிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். ஆனால் எப்படிச் சொல்வது? நயேலிக்கு ஞானஸ்நானத்தில் அவர்தான் ஞானத்தகப்பன். குழந்தையைத் தண்ணீர்த் தொட்டி மேல் அவர் ஏந்திய நிமிஷத்திலிருந்து அவர் கொம்பாத்ரே, இவள் கொமாத்ரே. அதற்கு முந்தின நாள்வரை வாடா போடா என்று பேசியவர்கள்கூட அன்றையிலிருந்து நீங்கதான். கோபம் வந்தாலும் நீங்க. குடித்திருந்தாலும் நீங்க. செத்தால்கூடப் பிணத்தைப் பார்த்து நீங்க என்றுதான் அழ வேண்டும். ஆகவே அவள், "கொம்பாத்ரே, அந்தப் பலகைய ஜன்னல் பக்கம் நகத்திக்கலாமுங்களா?" என்பாள். அவர், "கமிட்டி பரிசீலனையில இருக்குங்க கொமாத்ரே," என்பார். நீங்க போட்டுச் சண்டை பிடிக்க ஒட்டிலியாவுக்குத் தெரியவில்லை.

இரண்டரைக்கு அவர் வந்தார். கூடவே டிராங்குலினோ. அவனும் சாப்பாடு கொண்டு கொடுக்கிறவன்தான். வாயைக் கட்டி வைத்தால் கையால் கிண்டல் செய்கிற ஆள். வெளியே பனி தடித்துக் கொட்ட ஆரம்பித்திருந்தது. பனி கொட்டினால் ஊரில் ஒருத்தரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். ஐந்து மணியிலிருந்து ஆர்டர் வந்து கொட்டும். அதற்குள் எல்லாப் பாட்டரியும் ஏறியாக வேண்டும்.

"மண்டையில என்ன மச்சான், தபால் பார்சலா?" என்றான் டிராங்குலினோ, நாடாவைப் பார்த்து.

ஃபிடென்சியோ கதையை மறுபடி சொன்னான். இம்முறை நாலு பேர் ஆகியிருந்தார்கள்.

இன்ஜினியர் மண்டையைப் பார்க்கவில்லை. நேராகப் பாட்டரியிடம் போனார். கையுறையைக் கழற்றி, அதை நாடி பிடிக்கிறவர் மாதிரி தொட்டார். விரல் முட்டியால் தட்டினார். காதில் வைத்துக் கேட்டார். மூக்கில் வைத்து இழுத்தார். 

"குளிர் ஏறிடுச்சு," என்றார்.

"கொம்பாத்ரே, மூலை அமுங்கியிருக்குங்க. கீறலும் விட்டிருக்கு," என்றாள் ஒட்டிலியா.

"அது தோலுங்க கொமாத்ரே. தோல் காயம். நோவு உள்ள இருக்கு. நாலு மணி நேரம் பனியில சுத்தியிருக்கு. உடம்புல குளிர் பூந்தா நமக்கு என்ன ஆகும்? கை கால் மரத்துப் போகுதில்ல? அதேதான். இது வெயில் ஊர்ல செஞ்ச பொருள். நம்ம மாதிரி."

"ஒரு முட்டையச் சுத்திப் போட்டுருவமா இன்ஜினியர்? கண்ணேறும் போயிரும்," என்றான் டிராங்குலினோ.

"கேலி பண்ணாத. விஞ்ஞானம் பேசிட்டிருக்கேன்." அவர் சட்டைப் பையிலிருந்து உடம்பில் தேய்க்கிற சாராயப் பாட்டிலை எடுத்து, பஞ்சில் நனைத்து, பாட்டரியின் முதுகு முழுக்கத் தேய்த்தார். கீறலுக்குள் ஈரம் இறங்குவதை ஒட்டிலியா பார்த்தாள். "இப்போ சூடு குடுக்கணும். ரேடியேட்டர் ஓரமா வச்சு, போத்தி, சார்ஜ் போடணும். வேர்த்துச்சுன்னா சரியாயிரும்."

"பத்து விதியில போத்தாதேன்னு ஒண்ணு இருக்குங்களே?"

"ஆறாவது விதி. அது நல்லா இருக்கிற பாட்டரிக்குங்க கொமாத்ரே. இது நோயாளி."

போர்த்துவதற்குத் தோதாக என்ன இருக்கிறதென்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு உள்ளறைக்குள் போனார். திரும்பி வரும்போது தோளில் புலிப் படம் போட்ட கனத்த கம்பளி. நயேலி போர்த்திக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து "அம்மா, குளுருது," என்று கேட்டது.

ஒட்டிலியா வெடுக்கென்று திரும்பினாள். ஃபிடென்சியோவைப் பார்த்தாள். அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிள்ளை மேலேருந்து உருவிட்டு வந்து அதுக்குப் போத்துறாங்க. ஒனக்குக் கண்ணு தெரியலையா?"

"அரை மணி நேரம்தானடி. என் சட்டைய எடுத்துப் போத்தி விடு அவளுக்கு."

அவள் போய்த் தன் கோட்டை மகள்மேல் போட்டுவிட்டு வருவதற்குள், புலிக் கம்பளிக்குள் பாட்டரி வசதியாகப் படுத்துவிட்டது. பலகைக்கும் வீட்டைச் சூடாக்குகிற ரேடியேட்டருக்கும் நடுவில், கதவிலிருந்து ஒரு முழம் தள்ளி. இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. ஃபிடென்சியோவின் சார்ஜர், அடிதடியில் தோள்பையோடு போய்விட்டது. இன்ஜினியர் கவலைப்படவில்லை. பெரிய வண்டிப் பாட்டரிக்கான சார்ஜர் ஒன்று கைவசம் இருந்தது; முனை கொஞ்சம் பெரிது. அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்தார்.

"துளைக்குள்ள போச்சுன்னா அதோடதுதான்," என்று சொருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. "பாத்தீங்களா?"

ஒட்டிலியா நடந்து போய் ஒயரைப் பிடுங்கினாள்.

"ஏய்," என்றான் ஃபிடென்சியோ.

"இந்தக் கதவு பக்கத்துல இது வேணாம். அடிபட்டது வேணாம். போத்துனது வேணாம். ஆகாத சார்ஜரு வேணாம். நாலுல ஒண்ணுன்னாக்கூடப் பொறுத்துக்குவேன்."

அவன் எழுந்து வந்து சொருகினான். அவள் பிடுங்கினாள். அவன் சொருகினான். மறுபடி அவள் கையை நீட்டியபோது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். "அஞ்சு மணிக்கு நான் ரோட்டுல நிக்கணும். இதுக்காக மண்டைய ஒடைச்சிட்டு வந்திருக்கேன். ஒனக்கு வெளையாட்டா?" அவள் இன்னொரு கையால் அவன் தாடையைப் பிடித்துத் தள்ளினாள். அவன் அறைந்தான். கை வீசி, முழுசாக. அவள் உதடு பல்லில் குத்திக் கிழிந்தது.

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவன் கை நீட்டியதில்லை. அவனே தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் அவளுக்குப் போதுமாக இருந்தது. அடுப்பு மேலிருந்த இரும்புத் தோசைக்கல்லை எடுத்து அவன் தோளில் ஒன்று வைத்தாள். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. இரண்டாவது அடி விலாவில். "என்னை அடிச்சியா? என்னையா அடிச்ச?" மூன்றாவது அடிக்கு டிராங்குலினோ அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான்; முழங்கையால் அவன் மூக்கில் ஒரு இடி விழுந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு அவன், "நான் எந்தக் கட்சியுமே இல்லம்மா!" என்று கத்தினான்.

இன்ஜினியர் அட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "சார்ஜ் ஏறும்போது பக்கத்துல பதட்டம் கூடாது. ஏழாவது விதி."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கம்பளிக்குள்ளிருந்து, அடுப்பில் வைத்த பால் ஓரம் பொங்குகிற மாதிரி ஒரு சீறல். கூடவே ஒரு வாசனை. இனிப்பு, நகச்சாயம் அழிக்கிற மருந்து மாதிரி. புலியின் வாய்ப்பக்கம் வெள்ளையாக ஆவி கசிந்தது.

இன்ஜினியர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! குளிர் வெளியேறுது!"

ஒட்டிலியா கல்லைப் போட்டுவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். அவள் நிலையைத் தாண்டவும் முதுகுக்குப் பின்னால் வெடித்தது.

வெடித்தது என்று ஒரு சொல்லில் சொல்வதற்கில்லை. முதலில் கம்பளி தானாகத் தூக்கி எறிந்துகொண்டது. பிறகு பாட்டரியின் வயிற்றிலிருந்து வெண்ணிறத் தீ, குழாய்த் தண்ணீர் மாதிரி பீய்ச்சியடித்தது. விரல் தடிமன் செல்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து துப்பாக்கி ரவை மாதிரி பறந்தன. ஒன்று கூரையில் குத்தியது. ஒன்று அண்டாவில் பட்டுக் கோயில்மணி மாதிரி ஒலித்தது. ஒன்று நிலைக்கு உள்ளே வந்து ஒட்டிலியாவின் முழங்கையில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. அவள் அதை மறு கையால் தட்டிவிட்டாள். தோலும் கூடவே போயிற்று.

"மணல்! மணல் போடணும்!" என்று இன்ஜினியர் கத்தினார். பயிற்சியில் அவர் காதில் விழுந்திருந்த ஒரே பாடம் அது. வீட்டில் மணல் ஏது? மூலையில் தமாலேவுக்கான சோளமாவு மூட்டை இருந்தது. நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாதி மூட்டையைத் தூக்கி வாரி இறைத்தார். மாவு தீ மேல் விழவேயில்லை, காற்றிலேயே பற்றிக்கொண்டது. சமையலறை முழுவதும் ஒரே மஞ்சள் பந்தாக ஒரு தடவை எரிந்து அணைந்தது. இன்ஜினியருக்குப் புருவம் இரண்டும், மீசையில் பாதியும் போயின. கதவுக்கு இந்தப் பக்கம் அவர் நின்றதாக அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. படிக்கட்டில் கமிட்டி முழுவதும் ஒரே ஆளாக இறங்கி ஓடியது.

ஃபிடென்சியோ உள்ளறையை நோக்கிப் பாய்ந்தான். பலகையின் கீழ்த்தட்டுப் பாட்டரி அவன் கால் பக்கத்தில் பிளந்தது. பாய்ந்தவனைப் பின்னாலிருந்து காலரைப் பிடித்து டிராங்குலினோ இழுத்தான். ஃபிடென்சியோ அவன் வயிற்றில் குத்தினான், கழுத்தைப் பிடித்தான், அவன் விடவில்லை. "கொல்லைக்கு ஓடுடா! ஜன்னல்டா! கொல்லைக்கு!" இரண்டு பேரும் கட்டிப் புரண்டபடியே படியில் உருண்டு இறங்கினார்கள். மேலே இரண்டாவது, மூன்றாவது பாட்டரிகள் வரிசை தவறாமல் வெடித்துக்கொண்டிருந்தன.

உள்ளறையில் புகை இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டது. ஒட்டிலியா கதவை அடைத்து, துணிமணியை அதன் அடியில் திணித்தாள். நயேலியைத் தரையில் படுக்கவைத்தாள். ஜன்னல் கண்ணாடியை மேலே தூக்கினாள். ஜன்னலில் பிள்ளைகள் விழாமலிருக்கப் போட்ட கம்பித் தடுப்பு. பிள்ளை விழாது; பிள்ளை வெளியே போகவும் முடியாது. இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. கட்டிலில் மல்லாந்து படுத்து, இரண்டு குதிகாலையும் சேர்த்து உதைத்தாள். மூன்றாவது உதையில் குதிகாலில் ஏதோ முறிந்தது. ஐந்தாவது உதையில் தடுப்பு ஒரு பக்கம் பிய்ந்துகொண்டு வெளியே தொங்கியது. நாலு திருகாணி போட வேண்டிய இடத்தில் வீட்டுக்காரன் ஆள் இரண்டுதான் போட்டிருந்தான். வாழ்நாளில் அவன் செய்த ஒரே உபகாரம்.

கீழே கொல்லையில் ஃபிடென்சியோ நின்றான். தலை நாடா பிய்ந்து முகமெல்லாம் ரத்தம். கையை விரித்திருந்தான்.

"போடு! போடு என் மேல!"

"நீ தவற விட்டியோ, இங்கேருந்தே குதிச்சு ஒன்னைக் கொல்லுவேன்!"

"போடுடி!"

மகளைக் கையைப் பிடித்துத் தொங்கவிட்டு, பிடியை விட்டாள். அவன் நெஞ்சில் வாங்கி, அவளோடு சேர்ந்து பின்பக்கமாகப் பனியில் விழுந்தான். பிறகு அவள் குதித்தாள். பனி மூடிய குப்பை மூட்டைகள் மேல் விழுந்ததில் ஏற்கெனவே முறிந்த காலோடு முடிந்தது. அவள் விழுந்த ஒரு நிமிஷத்தில் ஜன்னல் வழியாக நெருப்பு நாக்கை நீட்டியது.

தீயணைப்பு வண்டிகள் வந்து, மூன்று மாடியிலும் குழாய் பாய்ச்சி, எல்லாம் கறுத்து ஒழுகி முடிய நாலரை ஆகிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. தெரு முழுக்க ஜனம். ஆம்புலன்ஸ் படியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள் ஒட்டிலியா, மடியில் நயேலி. அதிகாரி அம்மா ஒருத்தி வந்தாள். போர்ட்டோரிக்கோக்காரி, அவர்கள் பேச்சு தெரியும்.

"எதுல ஆரம்பிச்சுது? யாரு சார்ஜ் போட்டது?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இன்ஜினியர் முன்னால் வந்தார். புருவமில்லாத முகம், உரித்த உருளைக்கிழங்கு மாதிரி. அட்டையை நீட்டினார்.

"வணக்கம் மேடம். நான் கமிட்டித் தலைவர். இந்தப் பகுதியில பாட்டரி விழிப்புணர்வு மொத்தமும் நம்ம பொறுப்பு. இந்த வீட்டுலயும் பத்து விதி ஒட்டி வச்சிருந்தோம். நீங்க உள்ள போயிருந்தா பாத்திருப்பீங்க."

"உள்ள போயிட்டுத்தான் வர்றேன். சுவரே இல்ல."

"என்னத்தச் சொல்றது மேடம். எவ்வளவு சொன்னாலும் வீட்டுல இருக்கிறவங்க கேக்கணுமில்ல? இந்தம்மா ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினாங்க. பாட்டரிக்கு அது ஆகாது. பக்கத்துலயே தமாலே அடுப்பு வேற. எனக்குக் கொமாத்ரே முறை வேணும், சொல்லக் கூடாது, ஆனா..."

ஒட்டிலியா மகளை இறக்கிப் படியில் உட்காரவைத்தாள். ஒற்றைக் காலில் நொண்டி எழுந்தாள். அவர் இன்னும் "ஆனா"விலேயே நின்றிருந்தார். தோசைக்கல் பிடித்துப் பழகிய கை, வெந்து கொப்பளித்த கை, அதையே மடக்கி அவர் வாயில் விட்டாள். இரண்டு பல் பனியில் விழுந்தது. அவர் அதைத் தேடிக் குனிந்தபோது பிடரியில் இன்னொன்று.

"டேய் ஹெர்குலானோ! எம் பிள்ளை போர்வைய உருவினவன் நீ. மொதல் ஆளா ஓடினவன் நீ. ஞானத்தகப்பனாடா நீ?"

 தீயைப் பார்க்க வந்தவர்கள் அதிர்ந்தது இப்போதுதான். பல்லுக்காக அல்ல, டேய்க்காக. ஞானஸ்நான உறவில் "நீங்க"வைக் கைவிட்டவர்களை அந்தக் கூட்டத்தில் எவரும் கண்டதில்லை. இன்ஜினியரே வாயைப் பொத்திக்கொண்டு, ரத்தத்தோடு, "கொமாத்ரே... மரியாதை..." என்றுதான் முனகினார்.

இரண்டு தீயணைப்புக்காரர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அதிகாரி அம்மா எழுதுகிற பலகையை மார்போடு வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள். "சரி. மறுபடி கேக்கிறேன். யாரு சொருகினது?"

"நான்," என்றான் ஃபிடென்சியோ. மண்டையில் புதுக்கட்டு. அவன் யாரையும் பார்க்கவில்லை. "அடிபட்ட பாட்டரி. வேற சார்ஜரு. போத்தி, கதவுக்குப் பக்கத்துல. அவ ரெண்டு தடவை பிடுங்கினா. நான் திரும்பத் திரும்பச் சொருகினேன், மூணாவது தடவை கை நீட்டினப்ப அவளை அடிச்சேன். எழுதிக்குங்க."

"எல்லாமேவா?"

"அடிச்சதையும் எழுதிக்குங்க."

ஆறு மணிக்கு அவர்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். மூன்று மாடியின் குடும்பங்களும் மடக்குக் கட்டிலில் வரிசையாகக் கிடந்தன. ரொட்டியும் ஆறிப்போன பீன்ஸும் கொடுத்தார்கள். ஒட்டிலியா காலில் மாவுக்கட்டுப் போட்டு, கையில் களிம்பு தடவி, கதவுக்கு எதிரே இருந்த கட்டிலைச் சண்டை போட்டு வாங்கினாள். நயேலி அவளை ஒட்டித் தூங்கியிருந்தாள். கடைசி வரிசையில் இன்ஜினியர் துணியை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

வெளியே பனி நிற்கவில்லை. ஆர்டர் கொட்டுகிற நேரம். கூடத்துக்குள் கைபேசிகள் கொத்துக் கொத்தாகக் கூவின. ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு ஆண்பிள்ளை கட்டிலில் புரண்டான்.

ஃபிடென்சியோ வெளியே போயிருந்தவன் திரும்பி வந்தான். நெஞ்சோடு அணைத்து ஒரு பாட்டரி. டிராங்குலினோவின் வண்டியிலிருந்து கடன் வாங்கியது. அதன் சொந்தச் சார்ஜர் கழுத்தில் தொங்கியது. அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர், ஆளுக்கொன்று ஏந்திக்கொண்டு. கூடத்தில் மின்சார பிளக் இருந்தது ஒரே இடத்தில். கதவை ஒட்டி.

அவன் குனிந்தான். ஒயரைப் பிரித்தான். பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் அவன் கையிலிருந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.   குனிந்த நிலையிலேயே சொன்னான்.

"இது அடிபடாதது. சார்ஜரும் அதோடதுதான். போத்தப் போறதில்ல."

"சரி."

"நாலுல மூணு சரியாயிருச்சு."

"கதவு?"

அவன் பிளக்கைப் பார்த்தான். வேறு பிளக் ஏதாவது இந்தப் பத்து நிமிஷத்தில் முளைத்திருக்குமா என்பது மாதிரி சுவரை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"அப்ப எங்கதான் வைக்கச் சொல்ற? இந்த ஊருல எங்க வைக்கிறது? நீயே சொல்லு."

 அவன் அடாவடியாகக் கேட்கவில்லை; தெரியாமல்தான் கேட்டான்.

"எனக்குத் தெரியல. இங்க இல்ல."

"வெளிய வச்சா அஞ்சு நிமிஷத்துல தூக்கிட்டுப் போயிருவான்."

"போகட்டும்."

"நாளைக்கு?"

"நாளைக்கு நடந்து போய்க் குடு. ஒரு ஸ்டார் போடட்டும்."

பின்னால் நின்றவர்களில் ஒருத்தன் சிரித்துவிட்டான். அவள் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான். ஃபிடென்சியோ எழுந்தான். பாட்டரியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், மைதானத்துச் சுவரோரம் பனிமேல் வைத்தான். மற்றவர்களும் போய் வைத்தார்கள். ஒருத்தன் வாய்க்குள் வைதான், ஆனாலும் வைத்தான்.

"ஹெர்குலானோ," என்றாள் ஒட்டிலியா, திரும்பாமலே. "எந்திரி. போய் அதுங்களுக்குக் காவல் நில்லு. பத்தடி தள்ளி நில்லு."

இன்ஜினியர் கூடத்தை ஒரு தடவை பார்த்தார். யாராவது தனக்காக ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பல் போன வாயை மூடிக்கொண்டு, வெளியே போனார்.

ஃபிடென்சியோ திரும்பி வந்தவன் நிலைப்படியில் நின்றுகொண்டான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. தலையை வெளிப்பக்கம் திருப்பிப் பாட்டரியைப் பார்த்தான். உள்பக்கம் திருப்பி மகளைப் பார்த்தான். மறுபடி வெளியே.

"யோவ்," என்றாள் அவள். "உள்ள வர்றதுன்னா வா. வெளிய நிக்கிறதுன்னா நில்லு. கதவுல நிக்காத."

பனிக்காற்று அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. கட்டில்களில் முணுமுணுப்பு எழுந்தது.  அவன் வெளியே இருந்த காலை எடுத்து உள்ளே வைத்தான்.